அவுரி நீலமும் நூல் தோய்க்கும் முறையும்

நீலச் சாயமிட்ட கைத்தறித் துணியைப்பற்றி நெசவாளர் சங்கங்களுக்கு வரும் முறையீடு பெரும்பாலும் ஒரே விதமானது. துணியை உடுத்தியவரின் உடம்பில் நீலம் ஒட்டுகிறது. கூட வைத்து மடித்த வெள்ளை வேட்டியிலும் கறைபடுகிறது. வாங்கியவர் நெய்தவரைக் குறை கூறுகிறார். நெய்தவர் சாயக்காரரைக் குறை கூறுகிறார். சாயக்காரரோ நீலத்தின் குணமே அப்படித்தான் என்று சொல்லி ஓய்ந்துவிடுகிறார். சரக்கு திரும்பி வந்தால் நஷ்டம் அடைபவர் முடிவில் தறியில் உட்கார்ந்திருப்பவரே. ஆகையால் நீலம் என்பது யாது, அது நூலில் எவ்வாறு ஏறுகிறது, ஏறியது ஏன் உதிர்கிறது என்பவற்றைச் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். சாயக்காரருக்கு மாத்திரம் உரிய இரகசியமாக இது இருந்துவருவது சங்கத்திற்கு நன்மையன்று.

ஏனைய சாயங்களுக்கும் நீலத்திற்கும் அடிப்படையிலேயே வேற்றுமை உண்டு. சோழமண்டலக் கரையின் சிவப்புக்குப் பேர்போன சாயவேரை எடுத்துக்கொண்டால், அதன் சாரம் வெந்நீரில் இறங்கும். கடுக்காயும் படிகாரமும் ஏற்றிய நூல் அச்சாரத்தைப் பற்றிக்கொள்ளும். படிகாரம் நூலுக்கும் நிறத்திற்கும் நடுவே நின்று இரண்டையும் பிணைக்கிறது. நீலத்திற்கு அத்தகைய பிணைப்பு எதுவும் இல்லை. நீலக்கட்டியைப் பொடித்து எத்தனை நாழிகை கொதிக்கவைத்தாலும் அது தண்ணீரில் கரையாது; சேற்றைப்போல் அடியில் படியும். கரையாத பொருள் நூலின் உள்ளே நுழைவது எங்ஙனம்? இந்தக் கேள்விக்கு விடையாக அமைந்ததே சாயத்தாழி.

தாழியைப்பற்றிக் கூறுமுன் செடியைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். அவுரி பயறு, துவரை முதலியவற்றின் இனத்தைச் சேர்ந்த செடி. மூன்று முதல் ஆறு அடி உயரம் வளரும். தன் இனத்தின் வழக்கப்படி வேர்முடிச்சுகளால் நிலத்திற்கு உரம் சேர்ப்பது. விதைத்து மூன்று மாத அளவில், பூக்கும் தறுவாயில், முதல் அறுப்பு நடக்கும். அடித்தூரிலிருந்து மறுபடி தழைத்தபின் இரண்டாம் அறுப்பு எடுக்கலாம். தென் ஜில்லாக்களில் மருந்துக்காகப் பயிராகும் நிலாவரையையும் பலர் அவுரி என்றே அழைக்கின்றனர். அது வேறு செடி. அதன் இலையில் நீலம் கிடையாது. தழையை விலைக்கு வாங்கும் சங்கங்கள் இந்தப் பெயர் மயக்கத்தில் அகப்பட்டுக்கொள்ளக் கூடாது.

அவுரி இலையைப் பிழிந்து பார்ப்பவருக்கு அதில் நீலம் இருப்பதாகவே தோன்றாது. நிறமற்ற ஒரு சத்தாக, சர்க்கரையோடு சேர்ந்து, அது இலைக்குள் மறைந்து கிடக்கிறது. அறுத்த செடியை அன்றே தொட்டியில் அடுக்கி, மிதக்காதபடி மேலே பாரம் வைத்து, நீர் நிரப்பிவிடுவார்கள். பத்து முதல் பதினாறு மணி நேரத்திற்குள், வெயிலின் உக்கிரத்திற்குத் தக்கபடி, அந்தச் சத்து சர்க்கரையைப் பிரிந்து நீரில் இறங்கும். நீர் மஞ்சள் கலந்த பச்சையாகும். அதைக் கீழ்த்தொட்டிக்கு வடித்து, ஆட்கள் இறங்கித் துடுப்புகளாலும் கால்களாலும் இரண்டு மூன்று மணி நேரம் அலசி அடிப்பார்கள். அடிக்க அடிக்கக் காற்றிலுள்ள பிராணவாயு நீரோடு கலக்கிறது. நுரை முதலில் வெண்மையாகவும் பிறகு நீலமாகவும் எழுகிறது. கரைந்திருந்த சத்து கரையாத நீலமாக மாறி அடியில் படிகிறது. படிந்த குழம்பைக் காய்ச்சி, துணியில் வடித்து, அழுத்தி, கட்டிகளாக அறுத்து நிழலில் உலர்த்தினால் சந்தைக்கு வரும் நீலக்கட்டி ஆயிற்று. ஆயிரம் கிலோ பசுந்தழைக்கு இரண்டு முதல் நான்கு கிலோ வரை கட்டி கிடைக்கலாம். எஞ்சிய சக்கை வயலுக்கு நல்ல எரு.

அறுத்த தழையை உலர்த்தி வைத்துக்கொண்டு பிறகு ஊறவைப்பதும் சென்னை ராஜதானியில் வழக்கமாயிருந்தது. அக்காலத்தில் கடப்பை, கர்நூல், நெல்லூர், தென்னாற்காடு ஆகிய ஜில்லாக்கள் நீலத்திற்குப் பேர்பெற்றவை. வங்காளத்தில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் குடியானவர்களைக் கட்டாயப்படுத்தி அவுரி விளைவித்ததும், 1859-60-ல் அங்கு எழுந்த பெருங்கிளர்ச்சியும், 1917-ல் பீஹாரிலுள்ள சம்பாரனில் காந்தியடிகள் நடத்திய விசாரணையும் யாவரும் அறிந்தவை. சென்னை ராஜதானியில் பெரும்பாலும் குடியானவர்களே பயிரிட்டு உள்ளூர்த் தொட்டிகளில் நீலம் காய்ச்சினர். புதுச்சேரியில் நீலம் தோய்த்த துணி கடல் கடந்து ஆப்பிரிக்காவின் செனகல் நாடுவரை சென்று, அங்கே பிசினுக்கு மாற்றாகக் கொடுக்கப்படும் பணத்தைப்போலவே வழங்கியது.

இவ்வளவு பெரிய வியாபாரம் ஒரு தலைமுறைக்குள் அழிந்தது. ஜெர்மனியில் ரசாயன முறையால் செய்யப்பட்ட நீலம் 1897-ல் விற்பனைக்கு வந்தது. 1895-96-ல் இந்தியாவிலிருந்து ஒன்பதாயிரம் டன்னுக்கு மேல் ஏற்றுமதியான நீலம் 1913-14-ல் சுமார் 550 டன்னாகக் குறைந்தது. விலை மலிவு ஒன்றே இதற்குக் காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். மற்றொரு காரணமும் உண்டு. செடியிலிருந்து எடுத்த கட்டியில் உண்மையான நீலம் நூற்றுக்கு இருபது பங்கும் இருக்கும், அறுபது பங்கும் இருக்கும். களிமண்ணும் மணலும் மாவும் கலந்த கட்டிகளும் சந்தையில் உலாவின. ஆலையிலிருந்து வந்த நீலமோ இன்று வாங்கினாலும் அடுத்த ஆண்டு வாங்கினாலும் ஒரே தரமாயிருந்தது. எவ்வளவு கட்டிக்கு எவ்வளவு நூல் தோயும் என்று கணக்கிடக்கூடிய சாயத்தையே சாயக்காரர் விரும்பினர். இது நியாயமே.

இயற்கைச் சாயத்தை மக்கள் மறுபடி விரும்பத் தொடங்கியபின் அவுரி சிறு அளவில் மீண்டும் பயிராகிறது. திண்டிவனம் வட்டாரத்தில் நீலம் காய்ச்சும் தொட்டிகள் உண்டு. ஆனால் கட்டியின் தரம் இன்றும் ஒன்றுபோல் இல்லை. தனி நெசவாளி ஒருவர் கட்டியைச் சோதித்து வாங்குவது கடினம். சங்கம் மொத்தமாக வாங்கும்போது சோதிப்பது எளிது. சோதனைக்குப் பெருஞ்செலவும் இல்லை. நல்ல கட்டி எடை குறைந்தது. உலர்ந்த துண்டு தண்ணீரில் மிதக்கும். நகத்தால் கீறினால் செம்பின் பளபளப்புத் தோன்றும். உடைத்த பக்கம் மணலின் நெறுநெறுப்பு இன்றி ஒரே சீராயிருக்கும். இவற்றிலும் சந்தேகம் தீராவிட்டால், இரண்டு வியாபாரிகளின் கட்டிகளில் சம எடை எடுத்துத் தனித்தனி இரும்புக் கரண்டியில் கரிநெருப்பின்மேல் வைக்கவேண்டும். உண்மையான நீலம் ஊதாநிறப் புகையாக எழும்பிப் போய்விடும்; மண்ணும் சுண்ணாம்பும் சாம்பலாக மிஞ்சும். எதில் மிச்சம் அதிகமோ அதற்கு விலை குறையவேண்டும்.

இனித் தாழிக்கு வருவோம். கரையாத நீலத்தைக் கரையச் செய்ய, அடித்தலின்போது அது ஏற்றுக்கொண்ட பிராணவாயுவின் வேலையைத் திருப்பிவிட வேண்டும். அப்போது நீலம் தன் நிறத்தை இழந்து, சுண்ணாம்பு முதலிய காரம் கலந்த நீரில் கரைந்து, மஞ்சள் கலந்த பச்சை நீராகிவிடும். இந்நிலையில் அது நூலின் இழைகளுக்குள் புகும். நூலை வெளியே எடுத்ததும் காற்று பட்டு, புகுந்த இடத்திலேயே மறுபடி கரையாத நீலமாகிவிடும். பிணைக்கும் படிகாரம் ஒன்றுமின்றி, உள்ளே புகுந்து சிறைப்பட்டுப்போவதே நீலம் நூலில் நிற்கும் வழி. உள்ளே சிறைப்பட்டது வெளுப்புக்கும் வெயிலுக்கும் எளிதில் அசையாது. இழையின் வெளியே ஒட்டிநிற்பதோ வெறும் தூளே. தேய்த்தால் கையோடு வரும். மேலே கூறிய முறையீடு முழுவதற்கும் மூலம் இதுதான்.

தென்னாட்டுச் சாயக்காரர்கள் இந்த மாறுதலை நுண்ணுயிர்களைக்கொண்டு செய்துவந்தனர். வாய் குறுகிய மண் தாழியைக் கழுத்துவரை தரையில் புதைப்பார்கள். இரவிலும் சூடு குறையாதிருக்க அதுவே உபாயம். நீலக்கட்டியை நீரில் ஊறவைத்து, விரலுக்கு நெறுநெறுப்புத் தட்டாதவரை அம்மியில் அரைக்கவேண்டும். இந்த அரைப்பில் சோம்பினவர்க்குக் கட்டியில் பாதி வீண். தகரை விதையை மெத்தென்று வேகவைத்து ஆறிய விதையையும் நீரையும், அரைத்த நீலத்தையும், தெளிந்த சுண்ணாம்பையும் தாழியில் சேர்த்துக் கலக்கி மூடிவைப்பார்கள். நாள்தோறும் ஒருமுறை மெதுவாகக் கலக்குதல் போதும். மூன்று முதல் ஐந்து நாளில் தாழி பக்குவப்படும். மார்கழிக் குளிரில் இன்னும் தாமதிக்கும்.

பக்குவத்தின் அடையாளங்களைக் கண்ணும் மூக்கும் கையுமே அறியும். மேலே செம்பு மினுக்குள்ள ஆடை படரும். அதன்மேல் நீல நுரை பூப்போல் ஒதுங்கும். ஆடையை விலக்கினால் உள்ளே நீர் தெளிந்த மஞ்சட்பச்சையாய்த் தெரியும். உள்நீரும் நீலமாகவே இருந்தால் பக்குவம் வரவில்லை. சூடோ இரையோ போதவில்லை, அல்லது அதிகமாகக் கலக்கிக் காற்றைப் புகவிட்டிருக்கிறார்கள். நீர் வெளுத்துக் குழம்பி அழுகல் நாற்றம் மிகுந்தால் சுண்ணாம்பு குறைந்துவிட்டது; சிறிது சிறிதாகச் சேர்க்கவேண்டும். நாற்றமும் அடங்கி, நுரையும் எழாமல், விரலிடையே வழுவழுப்பு மிகுந்து தோலைக் கடித்தால் சுண்ணாம்பு மிஞ்சி, உள்ளிருக்கும் உயிர்கள் செயலற்றுவிட்டன என்று கொள்ளவேண்டும். அப்போது வெந்த தகரை விதையோ தவிடோ இட்டு ஓரிரு நாள் தொடாமல் விடுதலே பரிகாரம். தாழியைப் பசுவைப்போல் பேணவேண்டும். வேளைக்கு இரையும் இளைப்பாறுதலும் கொடுத்தால் மாதக்கணக்கில் பயன் தரும், மறந்தால் அழுகிப்போகும்.

வேறு முறைகளும் உண்டு. ஒரு பங்கு நீலம், இரண்டு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மூன்று பங்கு பழச்சர்க்கரை என்ற விகிதத்தில் வெந்நீரில் சேர்த்தால் நொதித்தலுக்குக் காத்திராமல் விரைவிலேயே தோய்க்கும் பதம் வரும். சாயச்சாலைகளில் பெரிதும் வழங்குவது காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் சேர்ந்த முறை. அது அரைமணியில் பக்குவப்படும். பிழை நேர இடம் குறைவு. ஆனால் கையையும் கண்ணையும் காப்பதில் எச்சரிக்கை வேண்டும். கழிவுநீர் கிணற்றுக்கோ வாய்க்காலுக்கோ சேரக் கூடாது. திருப்பூரில் சாயக்கழிவால் நொய்யலாறு கெட்டு, 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் சாயச்சாலைகளை மூடும்படி உத்தரவிட நேர்ந்ததை நெசவுத் தொழிலினர் மறந்திரார். சுண்ணாம்புத் தாழியின் வண்டலையும் குடிநீர்க் கிணற்றருகே கொட்டலாகாது.

தாழி எம்முறையினதாயினும் நூலின் பக்குவமும் தோய்க்கும் கையுமே நிறத்தை நிலைநிறுத்துகின்றன. பஞ்சிழையின்மேல் இயற்கையாக ஒரு மெழுகு உண்டு; அது நீரை உள்ளே விடாது. ஆகவே நூற்கழிகளைச் சலவைச் சோடா இட்ட நீரில் இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கவைத்து அலசவேண்டும். ஒரு கழியை நீர்மேல் மெல்லப் போட்டால் அது மிதக்காமல் உடனே அமிழ்ந்தால் பக்குவம் சரி. மிதக்கிற நூலைத் தோய்த்தால் நீலம் மேலோடு நின்றுவிடும். பிறகு எந்தச் சாயக்காரராலும் அதைச் சரிசெய்ய இயலாது.

தோய்க்கும் முறை வருமாறு. மேலாடையை ஒதுக்கி ஒரு சட்டியில் எடுத்துவைத்து, வண்டலில் நூல் படாதபடி தாழிக்குள் மூங்கில் தட்டி இறக்கவேண்டும். நனைத்துப் பிழிந்த கழியை மெதுவாக உள்ளே இறக்கி, இரண்டு மூன்று நிமிஷம் நீருக்குள்ளேயே விரித்தும் திருப்பியும் கொடுக்கவேண்டும். சளசளவென்று அலசினால் காற்றுப் புகுந்து தாழியின் பக்குவம் கெடும். நீர்மட்டத்திற்குக் கீழேயே பிழிந்து வெளியே எடுக்கவேண்டும்.

எடுத்த கணத்தில் நூல் நீலமாயிராது. இளம் மாந்தளிரைப்போல் மஞ்சட்பச்சையாயிருக்கும். உதறிக் கொம்பில் மாட்டியதும் ஓரத்தில் பச்சை கறுக்கும். கறுத்த இடம் மயில்கழுத்தாகும். பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கழி முழுவதும் நீலமாகிவிடும். தலைமுறை தலைமுறையாக இத்தொழிலில் இருப்பவர்களும் இந்தச் சில நிமிஷம் கையை நிறுத்திப் பார்ப்பதுண்டு. கை நீலம் பாரித்து, முதுகு வளைந்து, நாற்றத்தோடு நாள் முழுதும் போராடும் இவ்வேலையில் மனத்துக்கு இன்பம் தரும் வேளை இதுவே. சாயச்சாலையில் சிறுவர்களை அனுமதிக்கக்கூடிய வேளையும் இதுதான். தொழிலைப்பற்றி நூறு வார்த்தை சொல்லிக்கொடுப்பதைவிட இந்தக் காட்சி அவர்கள் மனத்தில் நன்கு பதியும்.

பத்து அல்லது பதினைந்து நிமிஷம் காற்றாடியபின் அதே கழியை மறுபடி தோய்க்கவேண்டும். ஒரு தோய்ப்புக்கு ஆகாயநீலம். மூன்று நான்குக்கு நடுத்தர நீலம். கருநீலத்திற்கு எட்டு, பத்து, அதற்கு மேலும் ஆகும். முதல் தோய்ப்புகளைச் சாரம் இறங்கிய பழந்தாழியிலும் கடைசித் தோய்ப்புகளைப் புதுத்தாழியிலும் இடுவது நல்ல வழக்கம். மெல்லிய நீர் உள்ளிழைவரை ஊடுருவும்; அடர்ந்த நீர் வெளியே தடிப்பாகப் படியும். பத்து மெல்லிய தோய்ப்புகளால் வரும் கருநீலத்தையும் இரண்டு அடர்ந்த தோய்ப்புகளால் வரும் கருநீலத்தையும் கடையில் விரித்துப் பார்த்தால் வேற்றுமை தெரியாது. ஒரு மாதம் உடுத்தினால் தெரியும். முதலாவது உடம்பில் ஒட்டாது, இரண்டாவது ஒட்டும்.

கடைசித் தோய்ப்பு காய்ந்தபின் கழிகளை மெல்லிய புளித்தண்ணீரில் அலசவேண்டும். நூலில் தங்கிய சுண்ணாம்பு அதனால் நீங்கும். நீங்காவிட்டால் நூல் முரடாகிப் பாவில் அறும். அதன்பின் பூந்திக்கொட்டை நீரிலோ சோப்பு நீரிலோ, அலசுநீர் தெளியும்வரை வெளுக்கவேண்டும். வெளியே ஒட்டிய தூள் அப்போதே போய்விடும். கடைசியாக ஈரமான வெள்ளைத்துணியால் ஒரு கழியை அழுத்தித் தேய்த்துப் பார்க்கவேண்டும். வெள்ளைத்துணியில் சாயல் மாத்திரம் படிந்தால் குற்றமில்லை. கறை படிந்தால் கழி தறிக்குப் போகாமல் மறுபடி வெளுப்புக்குப் போகவேண்டும்.

ஒரு பாவுக்கு வேண்டிய கழிகள் அனைத்தையும் ஒரே நாளில், ஒரே தாழியில், வரிசை மாற்றித் தோய்க்கவேண்டும். முதல் தோய்ப்பில் முதலில் போன கழி இரண்டாம் தோய்ப்பில் கடைசியில் போகட்டும். இவ்வாறு செய்யாவிட்டால், தாழியின் சாரம் இறங்க இறங்கக் கழிக்குக் கழி நிறம் மாறி, நெய்த துணியில் பட்டை பட்டையாகக் கோடு விழும். அதன் பழியும் நெசவாளர் தலையிலேயே விழும்.

இத்தனை பக்குவமும் தெரிந்த சாயக்காரர் ஏன் இரண்டே தோய்ப்பில் வேலையை முடித்துவிடுகிறார் என்பதை ஆராய்ந்தால், குற்றம் அவருடைய கையில் இல்லை, கூலிக் கணக்கில் இருக்கிறது. சாயக்கூலி நூலின் எடைக்குப் பேசப்படுமாயின், பத்து முறை தோய்த்தவருக்கும் இரண்டு முறை தோய்த்தவருக்கும் ஒரே கூலி; அன்றியும் இரண்டு முறை தோய்த்தவர் அதே நாளில் மேலும் பல கழிகளை முடித்துவிடுவார். நேர்மையாக உழைப்பவர் குறைவாகப் பெறும் ஏற்பாட்டில் நேர்மை எத்தனை நாள் நிற்கும்? சங்கங்கள் நிறத்திற்கு ஒரு கூலி, எடைக்கு ஒரு கூலி என்று பேசுவதை விட்டு, தோய்ப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று வரையறுத்தல் தகும். துணியின் அடக்கவிலை இதனால் சற்று உயரும் என்பது மெய்யே. திரும்பிவரும் சரக்கின் நஷ்டத்தோடு ஒப்பிட்டு அந்த உயர்வைச் சங்கத்தின் கணக்கர் ஆண்டுக்கொருமுறை அங்கத்தினர் முன் வைக்கட்டும்.

தோய்ப்பை எண்ணுவதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. ஒவ்வொரு கழிக்கட்டோடும் ஒரு சாண் வெள்ளைக் கயிற்றைச் சேர்த்துக் கட்டி, காற்றாடும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு முடிச்சுப் போட்டு, கயிற்றையும் கழியோடு தோய்த்துவந்தால் போதும். முன்பு போட்ட முடிச்சின் உட்புறம் வெளிறியிருக்கும். கடைசியில் போட்டதன் உட்புறம் கறுத்திருக்கும். முடிச்சுகளைக் கடைசியில் ஒருசேரப் போட்டு ஏய்க்க முடியாது. அவ்வப்போது ஒரு கயிற்றை அவிழ்த்துப் பார்த்தால் விளங்கிவிடும். ஒன்று, மூன்று, ஆறு, பத்துத் தோய்ப்புகளுக்கு உரிய மாதிரி நூல்களைப் பலகையில் கட்டிச் சங்கக் கட்டடத்தில் வெயில் படாத சுவரில் தொங்கவிட்டால், நூலை வாங்க வரும் நெசவாளி முடிச்சை எண்ணி, நிறத்தை ஒப்பிட்டு, கையெழுத்திட்டு எடுத்துச் செல்லலாம்.